அரை கிரௌன் கணக்கு

கேள்வி: லண்டனில் படிக்கும் என் பேத்திக்கு ஜே.பி.பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம் பாடமாக இருக்கிறது. "பணக்காரங்க கெட்டவங்க, ஏழைப் பொண்ணு நல்லவ, அவ்வளவுதான் தாத்தா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவ்வளவுதானா? (வாசகர், மதுரை)

பதில்: பேத்தியை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் நாடகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1912, ப்ரம்லி என்ற கற்பனைத் தொழில் நகரம். ஆலை முதலாளி பிர்லிங் வீட்டில் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கும்போது கூல் என்ற இன்ஸ்பெக்டர் வருகிறார். ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அப்பா, அம்மா, மகள், மகன், மாப்பிள்ளை என்று அந்த மேஜையில் இருந்த ஐந்து பேருக்கும் அந்தப் பெண்ணின் கதையில் பங்கு இருப்பது தெரிகிறது.

இப்போது கணக்கு. ஈவா பிர்லிங்கின் ஆலையில் வேலை பார்த்தவள். அங்கே பெண்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 22 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). 25 ஷில்லிங் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். வித்தியாசம் இரண்டரை ஷில்லிங், அந்தக் காலத்து ஒற்றை அரை கிரௌன் நாணயம். கொடுத்தால் கூலிச் செலவு 12 சதவீதம் ஏறிவிடும் என்று பிர்லிங் மறுத்து, ஈவா உட்பட முன்னால் நின்ற பெண்களை வேலையை விட்டு நீக்கிவிட்டார். (நான் போட்டுப் பார்த்தால் 11 சொச்சம்தான் வருகிறது. முதலாளி கணக்கு கொஞ்சம் மேலேதான் போகும்போல.) அப்புறம் அவருடைய பையன் எரிக், வாடிக்கையாளர்களிடம் வசூலித்த பாக்கியைக் கணக்கில் காட்டாமல் அதே நிறுவனத்திலிருந்து சுமார் 50 பவுண்டு சுருட்டியது தெரியவருகிறது. 50 பவுண்டு என்றால் 1000 ஷில்லிங், அதாவது ஒரு பெண் கேட்ட அந்த உயர்வை 400 வாரங்களுக்கு, ஏறக்குறைய எட்டு வருஷத்துக்குக் கொடுத்திருக்கலாம்! எல்லாம் வெளியே வந்தபிறகு அதே பிர்லிங் "ஆயிரக்கணக்கில் தருகிறேன்" என்கிறார். தப்பான நேரத்தில் பணத்தை நீட்டுகிறீர்கள் என்கிறார் இன்ஸ்பெக்டர்.

கெட்டவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் இந்தக் கணக்கு கண்ணில் படாது. எரிக்கை விட்டுவிடுங்கள், அவன் செய்தது எல்லா விதத்திலும் குற்றம். மற்ற நாலு பேரும் சட்டத்தை மீறவே இல்லை. கூலியைக் குறைவாக வைத்திருப்பது தன் கடமை என்று பிர்லிங் மனசார நம்புகிறார். ஷீலா கடையில் ஒரு உடுப்பைப் போட்டுப் பார்த்தபோது விற்பனைப் பெண் சிரித்தாள் என்று கோபப்பட்டுப் புகார் சொன்னாள், ஈவாவின் அடுத்த வேலையும் போனது. மாப்பிள்ளை ஜெரால்டு சில மாதம் அவளை ஆதரித்து, பிறகு கைகழுவினான். யாரும் கொலை செய்ய நினைக்கவில்லை.

எனக்கு இவர்களில் மிகவும் கோபம் வருவது அம்மா பிர்லிங் மேல்தான். ஊரில் ஏழைப் பெண்களுக்கு உதவும் தர்ம சங்கத்தில் பெரிய புள்ளி. வயிற்றில் பிள்ளையோடு ஈவா உதவி கேட்டு வந்தபோது தன் பெயரை 'மிஸஸ் பிர்லிங்' என்று சொல்லிவிட்டாள், அந்த ஒரு திமிருக்காகவே இந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டது, மற்ற உறுப்பினர்களையும் பேசிச் சரிக்கட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டாள். கொடுக்கிற கையில் இருந்தால் யாருக்குக் கொடுக்கலாம் என்ற தராசும் தன் கையில்தான் என்ற நினைப்பு. குழந்தையின் அப்பன் யாரோ அவன்தான் பொறுப்பு, அவனை ஊரறியத் தண்டிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் அடித்துப் பேசுகிறாள். அந்த அப்பன் அவள் பெற்ற எரிக். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

கேள்வி: கடைசியில் அந்த இன்ஸ்பெக்டர் யார்? பேயா? (அதே வாசகர்)

பதில்: பிரீஸ்ட்லி சொல்லவில்லை. கூல் என்ற பெயரின் உச்சரிப்பில் பேய் வாடை அடிக்கத்தான் செய்கிறது (ஆங்கிலத்தில் ghoul என்றால் ஒரு வகைப் பேய்). எனக்கு அதைவிட முக்கியம், அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே ஊரில் இல்லை, ஆஸ்பத்திரியில் தற்கொலைச் சாவும் இல்லை என்று தெரிந்ததும் பெரியவர்கள் இருவரும் ஜெரால்டும் விடும் நிம்மதிப் பெருமூச்சு. தாங்கள் செய்தது மட்டும் அப்படியே இருக்கிறதே என்று ஷீலாவும் எரிக்கும் கேட்கிறார்கள். அப்போது போன் அடிக்கிறது.

கேள்வி: எழுதியது இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், கதை மட்டும் ஏன் 1912-இல்? (வாசகி, கோவை)

பதில்: பிர்லிங்கை முட்டாளாக்கத்தான். போர் வரவே வராது, டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று முதல் காட்சியிலேயே அடித்துச் சொல்கிறார், பார்ப்பவர்கள் இரண்டு போர்களைக் கடந்து வந்தவர்கள். பிரீஸ்ட்லியே முதல் போரில் சண்டை போட்டவர். லண்டனில் அரங்கம் கிடைக்காமல் 1945-இல் சோவியத் நாட்டில்தான் முதலில் மேடையேறியது, லண்டனுக்கு 1946-இல் வந்தது. 1992-இல் ஸ்டீபன் டால்ட்ரி இயக்கிய தயாரிப்பில் பிர்லிங் வீடு கால்கள் மேல் நிற்கும், பிறகு பீங்கான் தட்டுகளோடு சேர்ந்து சரியும். அது இன்னும் அவ்வப்போது ஊர் ஊராகச் சுற்றுகிறது. மதுரைத் தாத்தா லண்டன் போகும்போது வந்தால் பேத்தியோடு போய்ப் பார்க்கட்டும்.