ஒன்பதாயிரம் ரூபாயும் ஒரு தனிக்குடித்தனமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 32 வயது. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய். பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 158 பிடித்தம் போக 19,042 ரூபாய் கைக்கு வரும். என் மனைவி திருமணத்துக்கு முன்பு செக்கிங் வேலைக்குப் போனவள். மகன் பிறந்த பிறகு அதை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டிக் கொடுத்து மாதம் 2,600 ரூபாய் அளவில் சம்பாதிக்கிறாள். மகனுக்கு மூன்று வயதாகிறது.

அனுப்பர்பாளையத்தில் அப்பா கட்டிய வீட்டில் ஒன்பது பேர் வசிக்கிறோம். அப்பா பாத்திரப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்; மூச்சிரைப்பு வந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். அண்ணனுக்கும் பாத்திரங்களுக்குப் பாலீஷ் போடும் வேலைதான். வேலை இருக்கிற வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. இருக்கும் ஒரே அறையில் அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பெண் குழந்தைகள் படுத்துக்கொள்கிறார்கள். அப்பா, அம்மா, நாங்கள் மூவர் என ஐந்து பேரும் கூடத்தில் படுக்கிறோம். நடுவில் கயிறு கட்டி ஒரு சேலையைத் தொங்கவிட்டிருக்கிறோம். இரவு முழுவதும் அப்பா இருமுவார். நாங்கள் இருவரும் பேச வேண்டியதை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது பேசி முடித்துவிடுவோம்.

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணிக்கும் என் மனைவிக்கும் சிலிண்டர் தீர்வது, குழந்தைகள் அடித்துக்கொள்வது போன்ற சில்லறை விஷயங்களில் வார்த்தை தடிக்கும், இரண்டு நாள் பேச்சு நிற்கும், பிறகு சரியாகிவிடும். ஆனால் சென்ற மாதம் என் மனைவி ஒன்று கேட்டாள்: "நாம மூணு பேரும் கதவைச் சாத்திட்டுத் தூங்கின நாள் ஒண்ணாவது இருக்குதுங்களா?" கல்யாணமாகி ஐந்து ஆண்டுகளில் அப்படி ஒரு நாளும் இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

உடனே பக்கத்திலேயே ஒரு லைன் வீடு பார்த்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை, நான்கு வீட்டுக்குப் பொதுவாகக் கழிப்பறை. வாடகை 4,500 ரூபாய், அட்வான்ஸ் 30,000 ரூபாய். போட்ட கணக்கு இது: வாடகை 4,500, கரண்ட் 500, மளிகை, பால், கேஸ் 8,000, அடுத்த ஜூனில் மகனை எல்கேஜியில் சேர்த்தால் மாதத்துக்கு 1,500, பெட்ரோல், செல்போன் 2,000, பைக் தவணை 2,600, சீட்டு 2,000, அம்மாவிடம் இப்போது மாதாமாதம் கொடுக்கும் 9,000. மொத்தம் 30,100 ரூபாய். எங்கள் இருவரின் வருமானம் 21,642. எப்படிப் போட்டாலும் எட்டாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. பைக் தவணை இன்னும் ஐந்து இருக்கிறது. மாதம் இரண்டாயிரம் வீதம் இருபது மாதம் கட்டும் 40,000 ரூபாய்ச் சீட்டில் இன்னும் ஏழு பாக்கி.

சீட்டை இப்போதே கழிவு விட்டுத் தள்ளி எடுத்து, குறையும் தொகையை வாரத் தவணை ஃபைனான்ஸில் வாங்கி அட்வான்ஸைக் கொடுத்துவிடு என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். அதற்கும் பயமாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் அடியோடு நின்றது, சம்பளமும் இரண்டு மாதம் தள்ளித் தள்ளி வந்தது. அம்மாவிடம் ஒரு முறை பேச்செடுத்தேன். "போறவன் போ, எங்க கஞ்சிக்கு வழி சொல்லிட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. இப்போதெல்லாம் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பேக்கரியில் ஒன்பதரை மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். படுத்தால் நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது, தூக்கம் வருவதில்லை. என் சம்பளத்துக்குத் தனிக்குடித்தனம் என்பது பேராசையா?

இப்படிக்கு,
திருப்பூர் வாசகர்

---

அன்புள்ள வாசகருக்கு,

நெஞ்சடைப்பிலிருந்து தொடங்குகிறேன். அது மனக்கவலையால் வருவதாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கடிதத்தைப் படித்து நான் முடிவு செய்யக் கூடாது. உங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது. இந்த வாரமே ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் இதைச் சொல்லி, இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடலில் குறை ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகும் தூக்கம் வராவிட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். அதில் ஒரு பிழை இருக்கிறது. தனி வீட்டில் மளிகைக்கும் பாலுக்கும் கேஸுக்கும் 8,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் கொடுக்கும் 9,000 ரூபாயையும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். அந்த ஒன்பதாயிரத்தில் உங்கள் மூவரின் சாப்பாடும் அடங்கியிருக்கிறதே? நீங்கள் மூவரும் ஒரே மாதத்தில் இரண்டு வீட்டில் சாப்பிடுவதாகத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. ஒரு லைனில் எத்தனை பீஸ் போனது, எத்தனை வந்தது என்று நாள் முழுவதும் பார்க்கிறவர் நீங்கள். இப்படி ஒரு தொகை இரண்டு முறை ஏறியிருப்பது உங்கள் கண்ணுக்குத் தப்பியது ஏன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த ஒன்பதாயிரத்தைச் செலவுப் பட்டியலில் எழுதியிருந்தாலும், உங்கள் மனத்தில் அது செலவாக இல்லை; நீங்கள் இன்னும் நல்ல மகனாகத்தான் இருக்கிறீர்கள் என்பதற்கான ரசீதாக இருக்கிறது. அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பெற்றவர்களைக் கைவிட்டுவிட்டதாகிவிடும் என்ற அச்சத்தில் அந்தத் தொகையைத் தொடாமலே கணக்குப் போடுகிறீர்கள். அதைத் தொடாதவரை எந்த வாடகையும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. இன்னும் ஐயாயிரம் சம்பளம் கூடினாலும், கூடியதைச் சேர்த்து அம்மாவிடம் கொடுக்காவிட்டால் குற்றவுணர்வு வரும். என்னிடம் வரும் பலரும் 'பணம் போதாது' என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். பணம் போதாமல் இருப்பது உண்மைதான் என்றாலும், அம்மாவிடம் பேச வேண்டிய பேச்சைத் தள்ளிப்போட அதைவிட மரியாதையான காரணம் வேறு கிடைப்பதில்லை.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்ற பழமொழியைக் கசப்பாகத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது நல்ல கணக்குப் பாடமாகவே படுகிறது. ஒன்பது பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கும்போது உங்கள் மூவரின் பங்கு எட்டாயிரம் ஆகாது. ஐயாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்று உங்கள் பெற்றோருக்கு உங்களால் உண்மையில் போய்ச் சேருவது 3,500 ரூபாய். நீங்கள் போன பிறகு அந்த வீட்டின் மின்கட்டணமும் கேஸும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடாது என்பதால், நியாயமாக 4,000 ரூபாய் என்று வைப்போம். உங்கள் 30,100 இதனால் 25,100 ஆகிறது. ஐந்து மாதத்தில் பைக் தவணை முடியும்போது 22,500; ஏழு மாதத்தில் சீட்டும் முடியும்போது 20,500. உங்கள் இருவரின் வருமானம் 21,642. எல்கேஜிச் செலவு அடுத்த ஜூனில்தான் வரப்போகிறது. அதுவரை மகனை அங்கன்வாடிக்கு அனுப்பலாம், அங்கே மதிய உணவும் உண்டு.

ஆக, நீங்கள் கேட்டது பேராசை அன்று. ஆனால் இந்த மாதம் முடியாது. இரண்டையும் சேர்த்தே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளாகப் பதிலில்லாமல் இருந்தவருக்கு 'தை மாதம்' என்ற ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். இது ஆனி, அடுத்து வரும் ஆடியில் எப்படியும் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசியில் தீபாவளி போனஸ் வரும், கார்த்திகையில் பைக் கடன் தீரும், தையில் சீட்டு முடியும். கடைசிச் சீட்டாக எடுத்தால் தள்ளு இல்லாமல் வரும் பணத்தை இன்று அவசரப்பட்டுத் தள்ளி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சீட்டு பதிவு பெற்றதுதானா என்பதை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாரத் தவணைக் கடன் வேண்டவே வேண்டாம். ஆர்டர் குறைந்த அந்த இரண்டு மாதத்தில் சம்பளம் தள்ளி வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாரா வாரம் வசூலுக்கு வருகிறவர் அமெரிக்காவின் வரிக்காகக் காத்திருக்க மாட்டார். போனஸ் பணத்தைத் தொடாமல் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவையுங்கள். தனியாகப் போன பிறகு சம்பளம் தாமதமாகும் மாதத்துக்கு அது வேண்டும்.

அட்வான்ஸைப் பேசிக் குறைக்க முடியும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. 4,500 ரூபாய் வாடகைக்கு அது 13,500 தான். லைன் வீட்டுக்காரரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பதை நானும் அறிவேன். இருந்தாலும் இருபதாயிரத்துக்கு இறங்கி வரக் கேளுங்கள், கொடுத்த தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் உங்கள் மனைவி கேட்கட்டும். வீட்டுக்காரர் சொல்வதைவிட அது சரியாக இருக்கும்.

இனி அம்மா. 'கஞ்சிக்கு வழி சொல்லிட்டுப் போ' என்றதை நீங்கள் வெட்டிப் பேசியதாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டீர்கள். நான் அதைக் கேள்வியாகவே கேட்கிறேன். கணவர் மூச்சிரைப்போடு படுத்திருக்கிறார், மூத்த மகனுக்கு வாரா வாரம் வேலை நிச்சயமில்லை, மாதாமாதம் தவறாமல் வருவது இளைய மகனின் பணம் ஒன்றுதான். அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண், நீங்கள் போனால் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். அதற்கு அன்று உங்களிடம் பதில் இல்லை. இன்று நாலாயிரம் என்ற பதில் இருக்கிறது. 'முடிந்ததைத் தருகிறேன்' என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல்லை நம்பி யாரும் அரிசி வாங்க முடியாது. எந்தத் தேதியில் எவ்வளவு என்று சொல்லுங்கள். அப்பாவின் சிகிச்சையைப் பற்றியும் தனியாகச் சொல்லுங்கள்: உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் உண்டு, அவர் பெயர் உங்கள் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சண்டை நடந்த இரவில் இதைப் பேசாதீர்கள். யாரும் யாரோடும் மனத்தாங்கல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முதலில் அப்பா அம்மாவிடமும், அன்றே அண்ணனிடமும் பேசுங்கள். 'இவள் ஒத்துப்போகவில்லை' என்ற காரணம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. ஆண்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முடிவு தம்முடையதாக இருந்தாலும் பழியை மனைவியின் தலையில் இறக்கிவிட்டு நல்ல பிள்ளையாக வெளியேறுவார்கள், பிறகு பத்து ஆண்டுகள் அந்தப் பெண் ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமியார் வீட்டில் தலைகுனிந்து நிற்பார். 'எனக்கும் தூக்கம் இல்லை, எனக்கும் ஓர் அறை வேண்டும்' என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். அது உண்மையும் கூட. பேக்கரியில் ஒன்பதரை மணிவரை உட்கார்ந்திருப்பவர் உங்கள் மனைவி இல்லையே.

ஒரு விஷயம் சிறியதாகத் தெரியும், ஆனால் வீடுகளில் பெரிய காயத்தை உண்டாக்குவதைப் பார்த்திருக்கிறேன். தனிக்குடித்தனம் போனதும் தனிக் குடும்ப அட்டை வாங்கச் சொல்வார்கள். வாங்கவும் வேண்டும், ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பது உங்கள் எட்டாயிரத்தில் ஒரு பகுதியைக் குறைக்கும். ஆனால் அதற்கு முதலில் அப்பாவின் அட்டையிலிருந்து உங்கள் மூவரின் பெயரையும் நீக்க வேண்டும். ரேஷன் கடையில் பில் போடும்போது அம்மா இதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். அந்த விண்ணப்பத்தைப் போடப் போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீடு நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். மகன் அங்கன்வாடி முடிந்து பாட்டியிடம் போகட்டும். அம்மாவுக்கு இதில் சம்மதம் இருந்தால் உங்கள் மனைவி மறுபடி செக்கிங் வேலைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம். சம்மதம் இல்லையென்றால் அதை இப்போது கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தை பிறந்ததும் நல்ல நாள் ஒன்றை அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள். பால் காய்ச்ச ஒரு புதுப் பாத்திரம் வேண்டும். அதை அப்பாவோடும் அண்ணனோடும் போய் அனுப்பர்பாளையத்திலேயே வாங்குங்கள். அடுப்பைப் பற்றவைப்பது அம்மாவாக இருக்கட்டும்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்