சிங்கப்பூர் கோர்ட் உத்தரவை வைத்துச் சென்னை ஃப்ளாட்டை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

அதை மட்டும் கொண்டுபோனால் நடக்காது. நானே போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது, இருவர் பெயரிலும் உள்ள ஃப்ளாட் உங்களுக்குத்தான் என்று அதில் இருக்கிறது, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது இடைக்காலத் தீர்ப்பா (விவாகரத்து இன்னும் முழுதாக முடியவில்லை), இறுதித் தீர்ப்பா (முடிந்துவிட்டது) என்று முதலில் பாருங்கள். இடைக்காலம் என்றே நினைத்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வித்தியாசம் அன்று தெரியாததால் எனக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போனது.

நானும் என் கணவரும் 2012இல் சென்னைப் புறநகரில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். 2021இல் பிரிந்தபோது சிங்கப்பூர் ஈசூனில் இருந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீடு அவருக்கு, சென்னை ஃப்ளாட் எனக்கு என்று பேசி முடித்து உத்தரவும் வாங்கினோம். சிங்கப்பூரின் திருமண, விவாகரத்துச் சட்டமான மாதர் சாசனத்தின்படி வெளிநாட்டுச் சொத்தும் பங்கீட்டுக் கணக்கில் வரும். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கோர்ட் ரெஜிஸ்ட்ராரே போடலாம் என்ற வரியும் உத்தரவில் இருந்தது. அந்த வரியை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

சார் பதிவாளர் அலுவலகத்தில் பேப்பரைப் பார்த்த அலுவலர், "சிங்கப்பூர் ரெஜிஸ்ட்ரார் போட்ட கையெழுத்தை வெச்சு இங்க பத்திரம் பதிய முடியாதும்மா, உங்க முன்னாள் கணவரை வரச் சொல்லுங்க, இல்லைன்னா பவர் கொடுக்கச் சொல்லுங்க" என்றார். சில நாடுகளின் தீர்ப்பை இந்தியக் கோர்ட்டிலேயே நிறைவேற்ற வழி செய்யும் சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவை இங்கே யாராவது எடுத்துக்காட்டுவார்கள். சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புகளுக்கு மட்டும், வீட்டைப் பெயர் மாற்ற அது உதவாது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இதை இரண்டு வக்கீலிடம் பணம் கொடுத்துக் கேட்டேன்.

ஆக அவர் தன் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அவர் ஊருக்கு வரமாட்டேன் என்றார். சரி, சென்னையில் இருக்கும் தன் தம்பிக்குப் பவர், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், கொடுக்கட்டும் என்றேன். சிங்கப்பூரில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் சான்று) வாங்கினால் போதும், 2021 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதைக் கெஞ்சி வாங்கவே எட்டு மாதம் ஆனது. பவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டி முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தம்பி நான்கு மாதம் பீரோவில் வைத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து நோட்டரி, அப்போஸ்டில், கூரியர். ஒவ்வொரு முறையும் என் காசு.

அப்புறம்தான் பெரிய அடி. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு, 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய். விவாகரத்து ஆகிவிட்டால் குடும்பம் என்ற கணக்கில் வரமாட்டீர்கள், வெறும் கூட்டு உரிமையாளர்கள், 7 சதவீதம். அவருடைய பாதி 22 லட்சம் மதிப்பு, 1,54,000 கட்டினேன். பதிவுக் கட்டணம் தனி. வருமான வரியிலும் முன்னாள் துணை "உறவினர்" ஆகமாட்டார், அதனால் கைமாறும் விதத்தை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

"இங்கேதானே இருக்கே, ஊர்ல வீடு எதுக்கு, விட்டுக்கொடுத்துடு" என்று என் சொந்த அத்தையே சொன்னார். ஒன்பது வருடம் என் சம்பளத்திலிருந்து போன லோன் அது. இதே அத்தை வீட்டுக் கல்யாணத்தில், சிராங்கூன் ரோடு மண்டபத்தில், சீர்த்தட்டு எடுக்க எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார்கள், என்னை மட்டும் உட்காரச் சொன்னார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் அன்றைக்கு அழுதது இன்னும் ஆறவில்லை.

உங்களுடையது இடைக்காலத் தீர்ப்பு என்றால் சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான். இறுதித் தீர்ப்புக்கு விண்ணப்பிப்பதற்கு முன் விடுதலைப் பத்திரத்தைப் பதிந்துவிடுங்கள். லோன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று முதலில் வேண்டும். பவரை அவர் வீட்டு ஆள் பெயரில் விடாதீர்கள், இருவருக்கும் பொதுவான ஒருவர் பெயரில் கேளுங்கள். பதிவு முடிந்ததும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பட்டா, சொத்து வரி, ஈபி மூன்றிலும் பெயர் தனித்தனியாக மாற்ற வேண்டும். எனக்கு ஈபி மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது, அடுத்த லீவில் போகிறேன்.