கூலி வேலைக்கு வெளிநாடு போனவங்களுக்கு கவுன்சிலிங் நிஜமாவே உதவுமா?

கேள்வி இதுதான்: "கட்டட வேலை, கூலி வேலைக்கு வெளிநாடு போனவங்களுக்கு கவுன்சிலிங் உதவும்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்ல அதெல்லாம் படிச்சவங்களுக்கும் வசதியானவங்களுக்கும் மட்டுமா?"

இத யாரும் பொழுதுபோகாம கேக்க மாட்டாங்க. உங்க வீட்டு ஆளு ஒருத்தர் இங்க சிங்கப்பூர்லயோ வேற எங்கயோ இருக்கார், அனேகமா தம்பியா இருக்கும், முன்ன மாதிரி போன்ல பேச மாட்டேங்கிறார், கேட்டா "ஒண்ணுமில்ல, வேலை டைட்டு"ன்னு வச்சிடுறார்னு நானா எடுத்துக்கறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.

ஆராய்ச்சி இருக்கு. படிக்காதவங்களுக்கும் காசில்லாதவங்களுக்கும் உதவுதுன்னு காட்டியிருக்காங்க. ஆனா அந்த மனுஷங்கிட்ட எப்படி கேக்குறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு, அத நான் நேர்ல பாத்துட்டேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது, சைக்காலஜி படிச்சதும் கிடையாது. தஞ்சாவூர் பக்கத்துலேந்து கல்யாணமாகி இங்க வந்து 16 வருஷம் ஆச்சு. 2021 ஆரம்பத்துல ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு, வெளிநாட்டு ஊழியர்கள் தங்குற டார்மட்டரில (விடுதில) தமிழ்ல கேள்வி படிச்சுக் காட்டுற வேலைக்கு பார்ட் டைமா போனேன். எந்தக் குழு, எந்த டார்மட்டரின்னு சொல்ல மாட்டேன், கமெண்ட்லயும் கேக்காதீங்க. யாரையும் மாட்டி விடுறதுக்கு எழுதல. கீழ நான் சொல்லப்போற ஆள்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரும் ஊரும் வேணாம்னார்.

அப்போ நிலைமை எப்படின்னா, 2020 ஏப்ரல்ல டார்மட்டரிகள்ல கொரோனா பரவி, 3 லட்சத்துக்கும் மேல ஆளுங்க ரூமுக்குள்ளயே கெடந்தாங்க. அப்புறம் வேலைக்கு விட்டாங்க, ஆனா டார்ம், லாரி, சைட், திரும்ப டார்ம், அவ்ளோதான். லிட்டில் இந்தியா, அதான் தேக்கா, அந்தப் பக்கம்லாம் சும்மா போக முடியாது. 2021 செப்டம்பர்லதான் வாரத்துக்கு 500 பேர் வரைக்கும்னு விட ஆரம்பிச்சாங்க.

நாங்க கேட்டது பிஹெச்க்யூ-9ன்னு, மனச்சோர்வு (டிப்ரஷன்) இருக்கான்னு பாக்குற ஒரு கேள்வித்தாள். 2001ல அமெரிக்காவுல வந்தது, இப்ப உலகம் பூரா இதத்தான் வச்சு பாக்குறாங்க. மொத்தம் 9 கேள்வி, கடைசி 2 வாரத்துல எத்தன நாள் இப்படி இருந்துச்சுன்னு கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் 0லேந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும்பாங்க. நல்ல கருவிதான், அத நான் குறை சொல்லல. எங்க கையில குடுத்த தமிழ்தான் பிரச்சனை. முதல் கேள்வி கிட்டத்தட்ட "காரியங்களைச் செய்வதில் ஆர்வமோ இன்பமோ குறைந்து காணப்படுதல்"ங்கற மாதிரி இருந்துச்சு. இத 34 வயசுல, கம்பி கட்டுற வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட, பின்னால 6 பேர் வரிசையில நிக்கிறப்போ படிக்கிறேன். அவர் என்னைப் பாத்துட்டு, "இன்பம்னா... என்ன மேடம் கேக்குறீங்க?"ங்கறார். பின்னால நின்னவங்க சிரிச்சிட்டாங்க. அவருக்கு முகமெல்லாம் செவந்து போச்சு. அதுக்கப்புறம் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் இல்ல மேடம்"தான். பொம்பளை ஒருத்தி ஆம்பளைங்க வரிசைக்கு முன்னாடி நின்னு இன்பம் குறைஞ்சிடுச்சான்னு கேட்டா வேற என்ன சொல்லுவார்? மொழிபெயர்த்தவங்க ஒரே ஒரு தடவ ஒரு கம்பி கட்டுறவர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டியிருந்தா அந்த வார்த்தை அங்க இருந்திருக்காது.

பசி பத்தின கேள்விக்கு ஒருத்தர் "காலைல 5 மணிக்கு வர்ற கேட்டரிங் பொட்டலத்த மத்தியானம் பிரிச்சா புளிச்சுப் போயிருக்கு மேடம், அதான் சாப்பிடல"ன்னார். அதுக்கு நான் எத்தன மார்க் போடணும்? தூக்கம் கெடுதான்னா, ஓவர்டைம் முடிச்சு 11 மணிக்கு வந்து துணி தொவச்சுப் போட்டு 4:30க்கு எந்திரிக்கிற ஆளுக்கு அது மனசு சம்பந்தப்பட்டதா, இல்ல லாரி டைம் சம்பந்தப்பட்டதா?

9வது கேள்வி, செத்துட்டா நல்லாருக்கும்னு தோணுதாங்கறது. அதக் கேட்டப்போ அந்தக் கம்பி கட்டுறவர் என்னைப் பாக்கல, கொஞ்ச தூரத்துல நின்ன சூப்பர்வைசர பாத்தார். ஆமான்னு சொன்னா வேலை பெர்மிட் கேன்சல் ஆகும், போலீஸ் வரும்னு பயம். இது நிறைய பேருக்குத் தெரியாது, அதனால அழுத்தி சொல்றேன்: சிங்கப்பூர்ல தற்கொலைக்கு முயற்சி பண்றது 2020 ஜனவரி 1லேந்து குற்றம் இல்ல, அந்தச் சட்டப்பிரிவையே எடுத்துட்டாங்க. அத அவர்கிட்ட யாரும் சொல்லியிருக்கல. நானும் சொல்லல, ஏன்னா கேள்விய மட்டும் படிங்க, கூட ஒரு வார்த்தை பேசாதீங்கன்னு எங்களுக்கு உத்தரவு.

அவர் மொத்த மார்க் 2. 27க்கு 2. அதாவது ஆள் நல்லா இருக்கார்னு அர்த்தம்.

சாயந்தரம் நான் கெளம்புறப்போ அவர் குப்பைப் பைய தூக்கிட்டு வாசல் கேட் வரைக்கும் பின்னாடியே வந்தார். மாஸ்க்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியுது. அப்ப மேடம் இல்ல, அக்கா. "அக்கா, நீங்க கேட்டதுல யோசனைன்னு ஒரு கேள்வியே இல்லையேக்கா. எனக்கு யோசனை ஜாஸ்தியா இருக்கு."

என்ன யோசனைன்னேன். உடனே சொல்லிடல. 2020 ஜூன்ல அவங்கப்பா ஊர்ல தவறிட்டார். ரூம்ல 12 பேர், யாரும் வெளிய போக முடியாது, ப்ளைட்டும் இல்ல. மேல் கட்டில் கம்பில போனை சொருகி வச்சு வீடியோ கால்ல காரியத்த பாத்திருக்கார். பக்கத்து கட்டில்ல ஒருத்தருக்கு காய்ச்சல், தூங்கிட்டு இருக்கார்னு சத்தத்த மியூட் பண்ணிட்டாராம். மூத்த பிள்ளை இவர், சித்தப்பா மகன்தான் கொள்ளி வச்சிருக்கார். சங்கு ஊதுற வாய் அசையுது, சத்தம் கேக்கலக்கான்னு சொன்னார். நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு உக்காந்திருந்தேன்.

டேப்லட்ல குறிப்புன்னு ஒரு பெட்டி இருக்கும். அவர் எண்ணுக்கு நேரா "யோசனை ஜாஸ்தி, அப்பா இறந்தது, மறுபடி பேசணும்"னு தமிழ்லயே டைப் பண்ணேன். அடுத்த வாரம் எனக்கு மேல இருந்தவங்க கூப்பிட்டு, அந்தப் பெட்டிய நாங்க கணக்குல எடுக்கறதில்ல, நம்பர மட்டும் போடுங்கன்னாங்க. நல்ல மாதிரிதான் சொன்னாங்க, திட்டல. ஆனா இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல. நாட்டளவுல பாத்தாலும் இதே கதைதான், 2016ல எடுத்த சிங்கப்பூர் மனநல ஆய்வுல 7 பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கைல எப்பவாவது மனநலப் பிரச்சனை வந்திருக்குன்னு சொன்னாங்களே, அது குடிமக்கள், பிஆர் (நிரந்தரவாசிகள்) மட்டும். பெர்மிட்ல இருக்கறவங்க அதுல கிடையாது.

இதுக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் ஜிம்பாப்வேல நடந்த ஆராய்ச்சி பத்தி படிச்சேன். அங்க டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர், பஸ்ஸுக்கு காசு இல்லாததால ஆஸ்பத்திரிக்கு வர முடியாம அவரோட நோயாளி ஒருத்தர் உயிர விட்டுட்டாங்க. 2006ல அவர் ஊர்ப் பாட்டிகளுக்கு பயிற்சி குடுத்து, கிளினிக் வெளிய மரபெஞ்சுல உக்கார வச்சு, வர்றவங்ககிட்ட பேச வச்சார். நட்பு பெஞ்சுன்னு பேரு. அங்க ஷோனா மொழில ஜனங்க டிப்ரஷன்னு சொல்றதில்லையாம், "குஃபுங்கிசிசா"ம்பாங்களாம். அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? யோசனை ஜாஸ்தி. படிச்சப்போ எனக்கு கை நடுங்கிடுச்சு. எங்க பெட்டில கணக்குக்கு வராத அதே வார்த்தைய அவங்க தலைவாசல்ல வச்சு ஆரம்பிச்சிருக்காங்க. கேள்வித்தாளே 14 கேள்வில ஷோனாலயே உருவாக்கினது.

பேச்சுல மூணு கட்டம். மனசைத் திறக்கறது, தூக்கி விடுறது, பலப்படுத்துறது. எல்லாப் பிரச்சனையையும் வரிசையா சொல்லச் சொல்லி, அதுல ஒண்ண மட்டும் எடுத்து, இந்த வாரம் என்ன பண்ண முடியும்னு கேப்பாங்க. 6 தடவ சந்திப்பு. ஹராரேல 24 கிளினிக்குல 573 பேர வச்சு சோதனை பண்ணி, 2016ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. 6 மாசம் கழிச்சு பாத்தா, பெஞ்சுல பேசினவங்கள்ல 100க்கு 14 பேருக்குத்தான் மனச்சோர்வு அறிகுறி இருந்துச்சு, வழக்கமான கவனிப்பு மட்டும் கெடச்சவங்கள்ல பாதி பேருக்கு. அதுல பெரும்பாலும் பொம்பளைங்க, அதனால டார்ம்ல இருக்கற ஆம்பளைங்களுக்கு அப்படியே பொருந்தும்னு நான் அடிச்சு சொல்லல.

நம்ம பக்கத்துலயே கோவால 495 பேர வச்சு இன்னொண்ணு நடந்துச்சு, 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. அதுலயும் டாக்டர் பேசல, பயிற்சி குடுத்த உள்ளூர் ஆளுங்க 6லேந்து 8 தடவ பேசினாங்க. மனசு சரியானதும் எந்திரிச்சு நடமாடலாம்னு காத்திருக்காம, சின்னச் சின்ன வேலையா இப்பவே செய்ய வைக்கிற முறை. 3 மாசத்துல அந்தப் பேச்சு கெடச்சவங்கள்ல 100க்கு 64 பேர் தேறிட்டாங்க, கெடைக்காதவங்கள்ல 39. இவங்க எல்லாம் சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஜனங்க, லேசான சோகத்துல வந்தவங்களும் இல்ல. அதனால படிச்சவங்களுக்கு மட்டுமான்னு நீங்க கேட்டதுக்கு பதில் இதுதான்.

சரி, அவர் கதைக்கு வர்றேன். தமிழ்ல பேசுற கவுன்சிலர் ஒருத்தர் நம்பர நான் குடுத்தேன், விதி மீறல்னு சொல்றவங்க சொல்லிக்குங்க. 3 வாரம் கூப்பிடவே இல்ல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி டார்ம் மாடிப்படில உக்காந்து கூப்பிட்டிருக்கார், ரூம்ல பேச முடியாதுல்ல. முதல் ரெண்டு தடவையும் ஏஜென்ட் கடன் இரண்டரை லட்சம் பத்தி மட்டும்தான் பேச்சு. கவுன்சிலர் கடனைத் தீர்க்கல, தீர்க்கவும் முடியாது. மூணாவது தடவ, எந்த விஷயம் தெனமும் உறுத்துதுன்னு கேட்டதுக்கு, "அம்மாகிட்ட பேசுறப்போ அழுகை வந்துடும்னு ஒரு நிமிஷத்துல வச்சிடறேன்"னிருக்கார். அத எடுத்துக்கிட்டாங்க. அந்த வாரம் 5 நிமிஷம் வைக்காம பேசணும், அழுதாலும் பரவால்ல. அடுத்த வாரம் 10 நிமிஷம். அம்மாவும் மகனும் சேர்ந்து அழுதாங்களாம், அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் மறச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

கடைசில கவுன்சிலர் கேட்டது, "அப்பாவுக்கு நீங்க செய்யாம விட்டது என்ன?" திதி குடுக்கல. 2022 ஜூன்ல டார்ம்லேந்து வெளிய போக பாஸ் வேணாம்னு ஆச்சு, ஜூலை 28 ஆடி அமாவாசை. வேலை நாள், ஒரு நாள் சம்பளம் போனாலும் போகுதுன்னு லீவு போட்டுட்டு சாங்கி கடற்கரைக்குப் போனார். நானும் என் வீட்டுக்காரரும் கூட போனோம். எள்ளும் தண்ணியும் விட்டுட்டு முட்டியளவு தண்ணில அப்படியே ரொம்ப நேரம் நின்னார். மேல ப்ளைட் ஒண்ணு இறங்குது, அத பாத்துக்கிட்டே நின்னார். வர்ற வழில பஸ்ல நல்லா தூங்கிட்டார், தெம்பனீஸ் வந்தப்புறம் நான்தான் எழுப்பினேன்.

ஒண்ணு சொல்லியாகணும். சம்பளம் வராதவருக்கு கவுன்சிலிங் தேவையில்ல, சம்பளம்தான் தேவை, அதுக்கு மனிதவள அமைச்சுல புகார் குடுக்கணும். அடிபட்டு வேலை செய்ய முடியாதவருக்கு இழப்பீடு தேவை. எல்லாத்தையும் மனசுதான் காரணம்னு ஆள் தலைலயே கட்டுறத நான் ஏத்துக்க மாட்டேன். முதலாளிங்க எல்லாம் மோசம்னும் சொல்லல, இவர் முதலாளி லீவு கேட்டதும் குடுத்துட்டார்.

இது நீங்க கேட்டதுல இல்ல, ஆனா சொல்லாம போக முடியல. எங்க ப்ளாக் வாய்ட் டெக்ல, அதாவது அடுக்குமாடிக்குக் கீழ திறந்த தரைத்தளத்துல, ஞாயித்துக்கிழம மத்தியானம் அஞ்சாறு தம்பிங்க சாப்பாட்டுப் பொட்டலத்தோட உக்காருவாங்க. வெளில வெயில், வேற எங்க போவாங்க. போன மாசம் எங்க ப்ளாக் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் அவங்கள போட்டோ புடிச்சுப் போட்டு, பாதுகாப்பா இல்லன்னு எழுதுறார். அதுக்கு கட்டைவிரல் தூக்கினவங்கள்ல தமிழ் பேசுறவங்களும் ரெண்டு பேர். அந்த ப்ளாக் கட்டுனது யாரு? நான் குரூப்ல எழுதினேன், யாரும் பதில் போடல. அப்புறம் கீழ எறங்கிப் போய் ஒரு பெரிய பாட்டில் ஐஸ் தண்ணி குடுத்தேன், எந்திரிச்சு நின்னு வாங்குறாங்க, தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி.

சரி, உங்க தம்பி விஷயம். "நல்லா இருக்கியா"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவார். நேத்து எத்தன மணிக்கு தூங்குன, பக்கத்து கட்டில்ல யாரு, எந்த யோசனைல முழிப்பு வருதுன்னு கேளுங்க. ரூம்ல இருந்தா பேச வராது, மாடிப்படிக்கோ வெளிலயோ வரச் சொல்லிட்டு கேளுங்க. ஹெல்த்சர்வ்னு ஒரு தொண்டு அமைப்பு 2006லேந்து இருக்கு, வெளிநாட்டு ஊழியர்களுக்கு கவுன்சிலிங் தர்றாங்க, 24 மணி நேர போன் உதவியும் இருக்கு. உயிர விடுற மாதிரி பேசினார்னா காத்திருக்காதீங்க, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்ங்கற தற்கொலைத் தடுப்பு அமைப்போட 1767க்கு சிங்கப்பூர்லேந்து ராத்திரி பகல் எப்பவும் கூப்பிடலாம், ரூம்ல கூட இருக்கற ஒருத்தர் நம்பரையும் வாங்கி வச்சுக்குங்க.

அவர் எந்தப் பக்கம் தங்கியிருக்கார்னு எனக்கு தனியா மெசேஜ் போடுங்க. ஜூரோங், துவாஸ் பக்கம்னா ஞாயித்துக்கிழம நானும் என் வீட்டுக்காரரும் போய் பாத்துட்டு வர்றோம்.