ஒரே சோயாப் புண்ணாக்கில் லோடுக்கு லோடு புரதம் மாறுவது ஏன்?

கோழித் தீவனத்துக்காக ஒரே வியாபாரியிடம் வாங்கும் சோயாப் புண்ணாக்கே ஒருமுறை 44 சதவீதமும் மறுமுறை 47 சதவீதமும் புரதம் காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் தோல்: தோல் நீக்காமல் எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் நார் மிகுந்து புரதம் 44 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், தோல் நீக்கியதில் 47, 48 வரை போகும். ஈரப்பதமும் கணக்கை மாற்றும். 12 சதவீத ஈரத்தில் 45 சதவீதப் புரதம் உள்ள சரக்கு, ஈரம் 9 சதவீதமாகக் குறைந்தால் ஏறத்தாழ 46.5 காட்டும். மண்ணின் தழைச்சத்தும் விதை ரகமும் இவற்றோடு சேரும்.

தீவனத்தில் புரதத்துக்காகச் சேர்க்கும் இன்னொரு பொருளான கருவாட்டுத் தூளில்தான் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது, ஏனெனில் உப்பும் மணலும் எவ்வளவு என்பது ஒவ்வொரு மூட்டையிலும் வேறுபடும். அதைவிடக் கவலைக்குரியது கலப்படம். ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. 35 சதவீதப் புரதமுள்ள 99 கிலோ தூளில் புரதமில்லாத, ஆனால் நைட்ரஜன் மிகுந்த யூரியாவை 1 கிலோ கலந்தாலே அறிக்கையில் ஏறத்தாழ 37.5 என்று வரும். கோழிக்கோ அதனால் பயனில்லை.

ஆகவே அறிக்கையின் எண்ணை மட்டும் நம்பித் தீவனம் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. புண்ணாக்கை அதிகமாக வறுத்தால் புரத அளவு குறையாமலே லைசின் என்ற அமினோ அமிலம் செரிக்காமல் போகும். குறைவாக வறுத்தால், புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் எஞ்சும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதக் கரைதிறன் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சரக்கு கருகியது எனக் கொள்ளலாம். கருவாட்டுத் தூளுக்கு யூரியா, மணல், உப்புச் சோதனைகளைத் தனியே கேளுங்கள்.