கடிதத்தில் 75,000, கையில் எவ்வளவு?

ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் வணிகமாணி முடித்த ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறதாம். கடிதத்தில் மாதம் 75,000 ரூபாய்: அடிப்படைச் சம்பளம் 50,000, மிச்சம் 25,000 போக்குவரத்துப் படியும் இன்சென்டிவும். வெள்ளவத்தையில் இன்னொரு பிள்ளையோடு அறை, இவர் பங்கு 20,000, அதற்கு இரண்டு மாத அட்வான்ஸ். தம்பி ஏ.எல். படிக்கிறான் என்பதால் வீட்டுக்கு 15,000 அனுப்ப வேண்டும். அம்மா ஊரில் மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அப்பாவோ அரசாங்க வேலை வரும்வரை பொறு என்கிறார். "அக்கா, இந்தச் சம்பளம் போதுமா? சிமா என்ற முகாமைக் கணக்கியல் பரீட்சையையும் இப்பவே தொடங்கவா?" என்று கேட்டிருக்கிறார்.

சம்பளம் போதும் தங்கச்சி, ஆனால் முதல் சம்பளம் கைக்கு வரும்வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. சம்பளப் பிரிவில் உட்கார்ந்து இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகள் இன்கிரிமென்ட் எப்போது என்று கேட்பார்கள், சம்பளக் கணக்கை மாதத்தில் எந்தத் தேதியோடு மூடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. 20ஆம் தேதியோடு மூடுகிற கம்பனியில் நீங்கள் 21ஆம் தேதி சேர்ந்தால் உங்கள் பெயர் அடுத்த மாதக் கணக்கில்தான் ஏறும், அதாவது நாற்பது நாளுக்கு வருமானமே இல்லை. அறைக்கு அட்வான்ஸ் 40,000, முதல் மாத வாடகை 20,000, நாற்பது நாள் சாப்பாடு, பஸ், அலுவலகத்துக்குப் போட இரண்டு மூன்று உடுப்பு, ஒரு சப்பாத்து என்று கூட்டிப்பாருங்கள், ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். பல்கலைக்கழகத்தில் கிடைத்த மகாபொல உதவிப்பணமும் நின்றுவிட்ட நேரம் இது. நான் அந்த நாற்பது நாளைத் தள்ளியது கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுப் பாயில். உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தால் வெட்கப்படாமல் போய் நில்லுங்கள், அறையை இரண்டாம் மாதம் எடுக்கலாம். இல்லையென்றால் சேரும் நாளை மாதத்தின் முதலாம் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அட்வான்ஸை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரரிடமும் கேட்டுப்பாருங்கள். கேட்டால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

இனி அந்தக் கடிதம். ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பக்கம் 8 வீதம் வெட்டுவார்கள், கம்பனி தன் பக்கத்தில் 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் கம்பனியின் கையிலிருந்துதான். உங்கள் கம்பனி 50,000க்கு மட்டும் கணக்குப் பார்த்தால் உங்களிடம் வெட்டுவது 4,000, கையில் வருவது 71,000. முழு 75,000உம் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் வெட்டு 6,000, கைக்கு 69,000. இரண்டாயிரம் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் முதல் கணக்கில் இரண்டு நிதிக்கும் மாதம் 11,500 போகிறது, இரண்டாவதில் 17,250. இரண்டாயிரத்தை விட்டால் உங்கள் பெயரில் 5,750 கூடச் சேர்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி போன்றவற்றையும் சட்டப்படி ஈ.பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும், போக்குவரத்து, இன்சென்டிவ் என்றால் சேர்க்காமல் விடலாம் என்பதால்தான் அப்படிப் பெயர் வைக்கிறார்கள். முதல் வேலையில் இதை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க முடியாதுதான். வேலை நிரந்தரமாகிச் சம்பளம் கூட்டும்போது, கூட்டுகிற தொகையை அடிப்படையில் போடுங்கள் என்று கேட்கலாம், அதற்கு அநேகமாக யாரும் முகம் சுளிப்பதில்லை. ஐந்து வருடம் தாண்டினால் கிடைக்கும் பணிக்கொடையும் அங்கிருந்துதான் கணக்காகும்.

வெட்டுகிறார்கள் என்பதாலேயே கட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் வேலையில் 14 மாதம் என் 8 வீதத்தை ஒழுங்காக வெட்டினார்கள், நிதிக்கு ஒரு சதம் போகவில்லை. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தபோது என்னைக் காப்பாற்றியது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்த சம்பளச் சீட்டுகள்தான். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பது விதி, அதனால் சேர்ந்து மூன்றாம் மாதம் உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பணம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பனி மாறினால் இலக்கமும் மாறும், பழையதை எங்காவது எழுதி வையுங்கள்.

வரியைப் பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம், 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. ஆனாலும் டின் (TIN) எனும் வரி செலுத்துநர் இலக்கம் எடுக்க வேண்டும், இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அப்புறம், பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் பிரதி மட்டும் கொடுங்கள்.

சீட்டுக்கு வருவோம். 71,000இல் அறை 20,000, சாப்பாடு சிக்கனமாக 22,000, பஸ்ஸும் போனும் 7,000, வீட்டுக்கு 15,000 என்று வைத்தால் மிச்சம் 7,000. (வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்கு ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் செலவு நன்றாகக் குறையும், காலி வீதியில் மணிக்கணக்காக நிற்கவும் தேவையில்லை.) அம்மாவின் சீட்டு 10,000. மாதம் 3,000 துண்டு விழுகிறது, அதை நிரப்பத்தான் கிரெடிட் கார்ட் விற்கிற பிள்ளைகள் வங்கி வாசலில் நிற்கிறார்கள். சீட்டு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், என் அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டதே சீட்டுக் காசில். ஆனால் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் கம்பனி உங்களை வேண்டாம் என்று சொல்லலாம், சீட்டுக்காரி அந்தக் கதையெல்லாம் கேட்கமாட்டாள், மிச்சத்தை அம்மாதான் கட்டவேண்டி வரும். அதனால் வேலை நிரந்தரமாகும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், வாக்குக் கொடுத்தாயிற்று என்றால் இன்னொருவரோடு சேர்ந்து அரைச் சீட்டாக 5,000. மிச்சம் விழும் காசு சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். பிறகு தொகை பெருத்து நிரந்தர வைப்புக்குப் போகும்போது வட்டியை மட்டும் பார்க்காமல் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடமா என்று பாருங்கள், அப்படிப்பட்ட இடம் விழுந்தால் 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு, சீட்டுக்கு அது இல்லை.

அப்பாவுக்கு என்ன சொல்வது? 2020இல் பட்டதாரிகளை அரசாங்கம் ஆயிரக்கணக்கில் எடுத்தது உண்மை, அவர்களுக்கு முதலில் கிடைத்தது மாதம் 20,000 ரூபாய்ப் பயிற்சிக் கொடுப்பனவு. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்ற பிறகு அப்படி எடுப்பதை நம்பி வீட்டில் இருக்க முடியாது. வேலை செய்துகொண்டே போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம், யார் தடுத்தது? சிங்களம் பேசத் தடுமாற்றம் என்றும் எழுதியிருந்தீர்களே, அரசாங்க வேலைக்கும் இரண்டாம் அரச மொழித் தேர்ச்சி கேட்பார்கள், ராஜகிரியவில் அரச கரும மொழிகள் திணைக்களத்தின் வகுப்புகளை விசாரியுங்கள். இப்போதைக்கு எனக்கு சிமாவைவிட இதுதான் அவசரமாகத் தெரிகிறது.

சிமா கட்டணம் பவுணில். 2022இல் ரூபாய் சரிந்தபோது என்னோடு வேலை செய்த இரண்டு பிள்ளைகள் பாதியில் நிறுத்தினார்கள், ஒரே பாடத்துக்கு ரூபாயில் ஏறிய தொகையைப் பார்த்துத்தான். உங்கள் பட்டத்துக்கு எத்தனை பாடம் விலக்குக் கிடைக்கும் என்று மட்டும் இப்போது கேட்டு வையுங்கள், பதிவு வேண்டாம். வேலை நிரந்தரமானதும் கம்பனி பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பித் தருமா என்று கேளுங்கள், தருவார்கள் என்றால் பொண்ட், அதாவது வேலையை விடாமல் இருக்க வேண்டிய காலம், எத்தனை வருடம், இடையில் விட்டால் முழுத்தொகையா, இருந்த காலத்தைக் கழித்துக் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளக் கணக்கு மூடும் தேதியை மட்டும் நாளைக்கே கேட்டுவிடுங்கள், கையெழுத்துப் போட முன்.