பெங்களூரு டு மதுரை பைக் பயணம்: எந்த சீட் நல்லது?

கிருஷ்ணகிரி வருவதற்குள் உட்கார முடியவில்லை, மெத்தென்ற சீட்டாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடையில் விரலால் அழுத்தும்போது சுகமாக இருக்கும் ஃபோம், ஓட்ட ஓட்ட அடிவரை அமுங்கிவிடும். அப்புறம் உடம்பின் எடை இடுப்புக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்கும். அங்கே ரத்த ஓட்டம் குறைவதால்தான் எரிச்சலும் மரத்துப்போவதும். கொஞ்சம் கெட்டியான, பின்பக்கம் அகலமான சீட்தான் நெடுந்தூரத்துக்குத் தாங்கும்.

புதுசு வாங்கத் தேவையில்லை. பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் பழைய சீட்டையே கொடுத்து ஃபோம் மாற்றிக்கொள்ளலாம். முன்பக்கச் சரிவைக் குறைக்கச் சொல்லுங்கள். சரிவு இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டாங்க் பக்கம் வழுக்குவீர்கள். பின்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தே தொடை வலிக்கும். உட்காரும் இடத்தில் தையல் வரக் கூடாது. உயரத்தைக் கூட்டினால் கால் தரையில் எட்டுகிறதா பாருங்கள், பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அது பெரிய விஷயம்!

சீட்டின் மேல் போடும் ஜெல் பேட், வண்டியை வெயிலில் நிறுத்தினால் சுடும். காற்றுக் குஷனை முழுக்க ஊதாதீர்கள். உட்கார்ந்தபின் எலும்பு சீட்டில் இடிக்காத அளவுக்குக் காற்று இருந்தால் போதும்.