'ப்ரோக்கன்' என்றால் உடைந்தது மட்டும்தானா?

முதல் பொருள் அதுதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி இடங்களில் தடுமாறுவீர்கள். ப்ரோக்கன் கிளாஸ் உடைந்த கண்ணாடி, ப்ரோக்கன் லெக் எலும்பு முறிந்த கால். 'தி வாட்ச் இஸ் ப்ரோக்கன்' என்றாலோ பெரும்பாலும் கடிகாரம் ஓடவில்லை என்றே பொருள். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ப்ரோக்கன் லிங்க் இதே வகை: சொடுக்கினால் பக்கம் வராது.

தொடர்ச்சி அறுபட்டாலும் இதே சொல்தான். ப்ரோக்கன் ஸ்லீப், விட்டுவிட்டு வரும் தூக்கம். சாலையில் இடைவெளி விட்டுப் போட்ட கோடு ப்ரோக்கன் லைன். தட்டுத்தடுமாறிப் பேசுவது ப்ரோக்கன் இங்கிலீஷ். ப்ரோக்கன் ப்ராமிஸ், காப்பாற்றாத வாக்கு. ப்ரோக்கன் ஹோம் என்பது பெற்றோர் பிரிந்த குடும்பம், இடிந்த வீடு அல்ல. பலருக்குப் புண்படுத்தும் சொல்லாகப் படுவதால் எழுத்தில் தவிர்ப்பதே நல்லது.

தவறு நடக்கும் இடங்கள் வேறு. கிழிந்த துணிக்கும் காகிதத்துக்கும் ப்ரோக்கன் வராது, டோர்ன் என்றே சொல்ல வேண்டும். விரிசல் விட்டும் துண்டாகாத கோப்பை க்ராக்ட். வழியில் நின்றுபோன வண்டிக்கு ப்ரோக்கன் டவுன். எல்லாவற்றையும்விட மோசமான குழப்பம் 'ஐ ஆம் ப்ரோக்': கையில் காசில்லை என்று அர்த்தம். 'ஐ ஆம் ப்ரோக்கன்' என்றால் மனம் நொறுங்கிவிட்டது. கடன் கேட்கப் போகிறவர் கடைசி எழுத்தில் கவனமாக இருக்கட்டும்!

நல்ல அர்த்தமும் ஒன்று உண்டு: ப்ரோக்கன்-இன் ஷூஸ், போட்டுப் போட்டுக் காலுக்குப் பழகிய காலணி.